கோடை நகரத்து மாணவத் தொழிலாளர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேரிலாந்து மாநிலத்திலே, அத்திலாந்திக் சமுத்திரத்தின் கரையோரமாக, ஓஷன் சிற்றி என்றொரு சிறிய நகரம் உண்டு. கிழக்கே பெருங்கடல், மேற்கே ஆழங்குறைந்த குடாக்கடல், இரண்டுக்கும் நடுவே ஏறக்குறையப் பத்து மைல் நீளமும் சில வீதிகளின் அகலமுமே கொண்ட மணற்றீவு. அதன்மீது வரிசையாக எழுந்து நிற்பவை ஹோட்டல்களும் உணவுச்சாலைகளும் கேளிக்கை நிலையங்களுமே. 1875 ஆம் ஆண்டு யூலை மாதம் 4 ஆந் திகதி இங்கே முதலாவது பெரிய ஹோட்டல் திறக்கப்பட்டது. 1933 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்துப் பெரும்புயல் தீவின் தென்பகுதியை அறுத்து ஒரு முகத்துவாரத்தை உண்டாக்கிற்று. 1952 இல் செசப்பீக் குடாவின்மேல் பாலம் திறக்கப்பட்டதும், வாஷிங்டன், பால்ற்றிமோர் ஆகிய பெருநகரங்களின் மக்கள் மோட்டார்க் காரில் ஏறிச் சில மணித்தியாலங்களில் இக்கரையை அடையலாயினர். அன்று தொட்டு இந்நகரம் கோடைகாலத்துக்கென்றே வாழும் நகரமாயிற்று.

குளிர்காலத்தில் இங்கு வசிப்போர் தொகை சுமார் 7,000. கோடைகாலத்து வார இறுதி நாள் ஒன்றில் இங்கு தங்குவோர் தொகையோ இரண்டு இலட்சத்துக்கும் மேல். அத்தனை பேருக்கும் கட்டில் விரிப்பவர் யார்? கோப்பை கழுவுபவர் யார்? உருளைக்கிழங்கு பொரிப்பவர், இராட்டினம் சுழற்றுபவர், நீச்சற் குளத்தருகே காவல் இருப்பவர் யார்? உள்ளூர் இளைஞர் தொகை இதற்குப் போதாது. அன்றியும், அமெரிக்க மாணவர் பலர் ஓகஸ்ட் மாத நடுப்பகுதியிலேயே கல்லூரிக்குத் திரும்பிவிடுகின்றனர். ஆகவே பல்கேரியா, ருமேனியா, சேர்பியா, துருக்கி, கசக்ஸ்தான், ஜமெய்க்கா முதலிய பல நாடுகளிலிருந்து சில ஆயிரம் சர்வகலாசாலை மாணவர்கள் ஒவ்வோராண்டும் மே மாதந் தொடக்கம் இங்கு வந்திறங்குகின்றனர். அவர்களைப் பற்றியும், அவர்களைப் போன்று பிறநாடொன்றில் விடுமுறைக்கால வேலைக்குச் செல்லும் எந்த மாணவரும் அறிந்திருக்க வேண்டியவை பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவன். ஓஷன் சிற்றிக்கு மேற்கே முப்பது மைல் அளவில் உள்ள சோல்ஸ்பரி நகரில் என் மகள் வாழ்கிறாள். அவள் இல்லத்தில் நான் கழித்த இரண்டு கோடைகளிலும், வாரத்தில் ஒரு மாலை, கடற்கரையிலுள்ள தேவாலய மண்டபம் ஒன்றில் வெளிநாட்டு மாணவருக்கு இலவச இராப்போசனம் வழங்கும் தொண்டருடன் சேர்ந்து பணிபுரிந்தேன். சோறு பரிமாறுவது அரைமணி வேலை. அதன் பின்னர் அவர்கள் கொண்டுவரும் கடிதங்களையும் படிவங்களையும் வாசித்துப் பொருள் சொல்வதே என் வேலையாயிற்று. நம் நாட்டுப் பிள்ளைகளை நான் அங்கே காணவில்லை. ஆயினும் இன்று நம் பிள்ளைகள் எத்தனையோ தேசங்களிற் படிக்கின்றனர். படிக்கும் போதே உழைக்கின்றனர். எனவே அம்மண்டபத்தில் நான் கண்டவை நமக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

ஜே-1 என்னும் ஏற்பாடு

இம்மாணவர்கள் வருவது ‘ஜே-1’ எனப்படும் விசாவின் மூலம். பிறநாட்டாருடன் கல்வி, கலாசாரப் பரிவர்த்தனை செய்வதற்கென 1961 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டமே இதற்கு அடிப்படை. சட்டத்தின் கண்ணில் இவர்கள் தொழிலாளராக அழைக்கப்பட்டவர்களல்லர். நாட்டைக் கண்டறிய வந்த விருந்தினர். செலவைச் சமாளிப்பதற்காகச் சிறிது காலம் வேலை செய்ய அனுமதி பெற்றவர்கள். சொந்த நாட்டில் சர்வகலாசாலை மாணவராயிருத்தல் வேண்டும். குறைந்தது ஒரு தவணையேனும் படித்து முடித்திருத்தல் வேண்டும். தம் கல்லூரியின் நீண்ட விடுமுறையில் மட்டும், நான்கு மாதத்துக்கு மேற்படாமல் வேலை செய்யலாம். அதன்பின் நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்ப முப்பது நாள் அவகாசம் உண்டு. அந்நாட்களில் வேலை செய்தலாகாது. இவ்வாறு வருவோரின் தொகைக்கு ஆண்டொன்றுக்கு 109,000 என்னும் எல்லையை இராஜாங்கத் திணைக்களம் 2011 இல் விதித்தது.

விருந்தினன் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதிகாலை ஆறு மணிக்கு ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்யத் தொடங்கும் மாணவி தன்னை விருந்தாளியாக எண்ணுவது அரிது. அவள் வேலைக்காரியாகவே நடத்தப்படுகிறாள். வேலைக்காரிக்குரிய உரிமைகள் எவை என்பதையோ அவள் அறியாள். இவ்விடைவெளியிலேதான் துன்பங்கள் முளைக்கின்றன. நல்ல முதலாளிகள் அங்கு பலர் உளர். ஆண்டுதோறும் அதே கடையைத் தேடி மீண்டும் வரும் மாணவர்களை நான் அறிவேன். எனினும் துன்பம் நேர்ந்த இடங்களில் எல்லாம் நான் கண்டது ஒன்றே: தன்னைக் கட்டியிருக்கும் கயிறுகளில் எந்தக் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதை மாணவர் அறியாதிருந்தனர்.

நான்கு கயிறுகள்

விசா, வேலை, வீடு, கடவுச்சீட்டு ஆகிய நான்குமே அக்கயிறுகள். இவற்றுள் விசாக் கயிறு முதலாளியின் கையில் இல்லை. இதை முதலில் அறிய வேண்டும். இறுதிவரை மறவாதிருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரையும் அனுசரணை நிறுவனம் ஒன்று பொறுப்பேற்கிறது. இராஜாங்கத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற அந்நிறுவனமே ‘டி.எஸ்.-2019’ என்னும் படிவத்தை வழங்குகிறது. அப்படிவத்தைக் காட்டியே விசா பெறப்படுகிறது. முதலாளி ஒருவர் வேலையை விட்டு நீக்கலாம். விசாவை நீக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அனுசரணை நிறுவனத்துக்கு அறிவித்து, அது விசாரித்து ஏற்றுக்கொண்டால், மாணவர் வேறு வேலைக்கு மாறலாம்.

இதனை அறியாத ஜமெய்க்கா நாட்டு மாணவி ஒருத்தியின் நிலையைச் சொல்கிறேன். அவளுடைய முதலாளியே அவளுக்குக் கட்டிலும் கொடுத்திருந்தார். வாடகை சம்பளத்திலிருந்து வாரந்தோறும் கழிக்கப்பட்டது. வாரத்துக்கு முப்பத்தைந்து மணித்தியாலம் வேலை என்பது வாக்குறுதி. யூன் மாதம் முழுவதும் மழையும் குளிரும், விருந்தினர் வரவில்லை, வேலை பதினெட்டு மணித்தியாலமாகக் குறைந்தது. வாடகை மட்டும் குறையவில்லை. மேற்பார்வையாளர் ஒருவரிடம் முறையிட்டபோது, “பிடிக்காவிட்டால் ஊருக்குப் போகலாம், விசா எங்கள் கையில்” என்றாராம். அதனை மெய்யென்று நம்பி ஐந்து வாரம் மௌனமாக இருந்தாள். வேறு வீடு பார்க்க முற்பணம் இல்லை. வேறு வேலை பார்க்கத் துணிவு இல்லை.

மண்டபத்து மேசையில் அவளுடைய டி.எஸ்.-2019 படிவத்தை விரித்து வைத்தோம். “இதிலே உன் முதலாளியின் பெயர் பொறுப்பாளராக எங்கே இருக்கிறது, காட்டு” என்று கேட்டேன். தேடினாள். அங்கே இருந்தது அனுசரணை நிறுவனத்தின் பெயர். அன்றிரவே அதற்கு ஒரு கடிதம் எழுதினோம். வாக்களித்த நேரம், கொடுத்த நேரம், கழித்த வாடகை ஆகிய மூன்றையும் வாரவாரியாக இலக்கமிட்டு எழுதினோமேயன்றி, வசைச்சொல் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு வாரத்துள் அவளுக்கு வேறோர் ஹோட்டலில் வேலை கிடைத்தது. முதல் வீட்டுக்குக் கொடுத்த முற்பணம் திரும்பி வரவில்லை, அவ்விழப்பு இழப்பே. ஆயினும் எஞ்சிய கோடையை அவள் அச்சமின்றிக் கழித்தாள்.

இதற்கு நேர்மாறாக, கசக்ஸ்தான் நாட்டு இளைஞன் ஒருவன் முதலாளியோடு முரண்பட்டு, எவருக்கும் சொல்லாமல் வேறு நகரத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டான். அவனுடைய குறை நியாயமானது. ஆனால் சொல்லாமற் சென்றதால் அவனுடைய அனுமதியே முடிவுக்கு வந்தது. வேலையை விடுவது குற்றமன்று. அனுசரணை நிறுவனத்துக்கு அறிவியாமல் விடுவதே மாணவரின் நிலையைக் கெடுக்கும். நாட்டுக்கு வந்து பத்து நாளுக்குள் தாம் வந்து சேர்ந்ததை அந்நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். முகவரி மாறினாலும் பத்து நாளுக்குள் அறிவித்தல் வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை அந்நிறுவனம் மாணவரோடு தொடர்பு கொள்ள வேண்டும் என்பது விதி. அவ்வாறு வரும் கடிதத்துக்கு “யாவும் நலம்” என்று ஒரு வரியில் மறுமொழி எழுதுவோர் பலர். குறை இருப்பின் அங்கே எழுதுவதே தக்கது. ஏனெனில் அது திகதியோடு கூடிய சான்றாக நிற்கும்.

அனுசரணை நிறுவனங்களும் மாணவரிடம் கட்டணம் பெற்று நடப்பவையே. ஒரு முதலாளியை இழக்க அவை தயங்குவதும் உண்டு. அத்தகைய வேளையில் இராஜாங்கத் திணைக்களத்துக்கே நேரில் முறையிடலாம். விசா வழங்கும்போது தூதரகத்தில் ஒரு சிறு பிரசுரம் கையிலே கொடுக்கப்படும். ஆட்கடத்தலுக்கு எதிராக 2008 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி வழங்கப்படும் அப்பிரசுரத்திலே, பணியாளரின் உரிமைகளும் உதவித் தொலைபேசி இலக்கங்களும் அச்சிடப்பட்டுள்ளன. பெரும்பாலோர் அதனை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குகின்றனர். வாங்கியவுடன் அதனைப் படித்து, இலக்கங்களைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று.

நான்காவது கயிறான கடவுச்சீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதனை எவரிடமும் ஒப்படைத்தலாகாது. வேலைக்குச் சேரும்போது காட்டலாம். பிரதி எடுக்க அனுமதிக்கலாம். உடனே திரும்ப வாங்கிவிட வேண்டும். பணியாளரைக் கட்டுப்படுத்தி வேலை வாங்கும் நோக்கோடு கடவுச்சீட்டைப் பறித்து வைத்தல் அமெரிக்க மத்திய சட்டத்தின்படி குற்றமாகும்.

புறப்படுமுன்

ஊரிலிருந்து புறப்படுமுன்னரே கேட்க வேண்டிய கேள்விகள் சில உள. செய்யவேண்டிய வேலை யாது? மணித்தியாலத்துக்கு எவ்வளவு கூலி? வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம்? அத்தொகை உறுதியா, மதிப்பீடா? எத்திகதி தொடக்கம் எத்திகதி வரை? வீடு உண்டா? உண்டெனில் வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, ஓர் அறையில் எத்தனை பேர்? சம்பளத்திலிருந்து வேறெவை கழிக்கப்படும்? இவற்றுக்குரிய விடைகள் எழுத்திலே இருத்தல் வேண்டும். தொலைபேசியிற் சொன்ன வாக்குறுதி யூன் மாதத்து மழையிற் கரைந்துபோகும். கட்டணங்களின் விவரத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறலாம். அனுசரணை நிறுவனம் அவ்விவரத்தை வெளிப்படுத்த வேண்டுமென்பது விதி.

மருத்துவக் காப்புறுதி கட்டாயமானது. விபத்து அல்லது நோய் ஒன்றுக்குக் குறைந்தது 100,000 டொலர் வரை அது ஈடுசெய்ய வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. தொகை பெரிதாகத் தோன்றலாம். அந்நாட்டு ஆஸ்பத்திரிக் கட்டணங்களை அறிந்தவர்க்கு அவ்வாறு தோன்றாது. நோய் வந்தபின் காப்புறுதித் தாளைத் தேடுதல் கூடாது. எந்த வைத்தியரிடம் போகலாம், எந்த இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பவற்றை முதல் வாரத்திலேயே படித்து அறிந்திருத்தல் வேண்டும்.

கையில் கொஞ்சம் பணமும் வேண்டும். வந்த மறுநாளே வேலை தொடங்கினாலும் முதற் சம்பளம் கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை உணவுக்கும் வாடகைக்கும் போதிய பணம் இல்லாதவர், முதலாளியிடமோ தரகரிடமோ கடன்பட்டே கோடையைத் தொடங்குகிறார். கடனோடு தொடங்கியவர் குரலுயர்த்திப் பேசுவதை நான் கண்டதில்லை.

வீடு

ஓஷன் சிற்றியிலே வேலை கிடைப்பது எளிது. வீடு கிடைப்பதே அரிது. வீட்டுச் சொந்தக்காரர்கள் உல்லாசப் பயணிகளுக்கு ஒரு வாரத்துக்கு வாடகைக்கு விட்டு வாங்கும் பணத்தை, மாணவர்கள் ஒரு மாதத்துக்கும் கொடுக்க இயலாது. ஆதலால் பழைய வீடுகளிலே அறைக்கு நால்வர், அறுவர் என்று நெருங்கி வாழ்கின்றனர். முதலாளியே வீடு தருவது வசதியானதுதான். ஆயினும் வேலையும் வீடும் ஒருவர் கையிலேயே இருக்கும்போது, வேலையை விடுவோர் அன்றிரவே படுக்கையையும் இழக்கக்கூடும். அத்தகைய வீட்டை ஏற்பவர், வேலை நின்றால் எத்தனை நாள் தங்கலாம் என்பதை எழுத்திற் கேட்டறிந்து ஏற்றல் வேண்டும்.

முற்பணம் கொடுப்பவர் பற்றுச்சீட்டுப் பெறாமல் கொடுத்தலாகாது. குடிபுகும் நாளிலேயே சுவர், மெத்தை, சன்னல், குளியலறை எல்லாவற்றையும் கைத்தொலைபேசியாற் புகைப்படம் எடுத்து, வீட்டுச் சொந்தக்காரருக்கே அனுப்பிவிட வேண்டும். செப்டெம்பரிலே, “இந்த உடைவு உன்னால் நேர்ந்தது” என்று முற்பணத்தைப் பிடித்துக்கொள்ள முனையும்போது, மே மாதத்துப் புகைப்படம் பேசும். புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, அறைக்கு இரண்டாவது வெளிவழி உண்டா என்பவற்றையும் அன்றே பார்த்தல் வேண்டும். மரவீடுகள் நிறைந்த ஊர் அது. காணாத வீட்டுக்கு ஊரிலிருந்தே முழு வாடகையையும் அனுப்பி ஏமாந்த மாணவரும் உளர்; விளம்பரத்திலிருந்த வீட்டை அவர்கள் வந்து பார்த்தபோது, அதில் வேறு குடும்பம் பல்லாண்டாக வாழ்ந்துகொண்டிருந்தது.

கூலியும் கணக்கும்

அமெரிக்க மத்திய சட்டத்தின் மிகக்குறைந்த கூலி 2009 ஆம் ஆண்டு முதல் மணித்தியாலத்துக்கு 7.25 டொலர். மாநிலங்கள் இதனை உயர்த்தலாம். உயர்ந்த தொகையே செல்லும். மேரிலாந்து மாநிலத்தில் 2024 சனவரி முதல் அது 15 டொலர். வாரத்துக்கு முப்பத்தைந்து மணித்தியாலம் வேலை செய்தால் 525 டொலர். வாடகை 150 டொலர் என்று கொள்வோமாயின், வரிக்கு முன் 375 டொலர் எஞ்சும். அதே வேலை பதினெட்டு மணித்தியாலமாகக் குறைந்தால் வருமானம் 270. வாடகை போக 120. மணித்தியாலக் கூலியை மட்டும் கேட்டு மகிழ்ந்து, மணித்தியாலத் தொகையைக் கேளாது வருவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று.

உணவுச்சாலையிற் பரிமாறுவோர்க்கு, ‘டிப்’ எனப்படும் சந்தோஷப் பணம் கிடைப்பதைக் காரணங்காட்டி, முதலாளி 3.63 டொலர் மட்டும் கொடுக்க மேரிலாந்துச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் சந்தோஷப் பணமும் சேர்ந்து மணித்தியாலத்துக்கு 15 டொலர் வராவிடின், குறையை முதலாளியே நிரப்புதல் வேண்டும். இதனை அறிந்த மாணவர் மிகச் சிலர். வாரத்தில் நாற்பது மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி என்பது பொது விதி. பருவகாலக் கேளிக்கை நிலையங்கள் சிலவற்றுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. எனவே தமது வேலைத்தலம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைச் சேரும்போதே கேட்டல் வேண்டும். இருவேறு முதலாளிகளிடம் முப்பது முப்பதாக அறுபது மணித்தியாலம் உழைப்பவர்க்கு இம்மேலதிகக் கூலி கிடையாது.

வரி விடயத்தில் இம்மாணவர்க்கு ஒரு சலுகை உண்டு. சமூகப் பாதுகாப்பு, முதியோர் வைத்தியம் ஆகிய இரண்டுக்குமாக அமெரிக்கத் தொழிலாளரின் கூலியில் நூற்றுக்கு 7.65 வீதம் கழிக்கப்படுகிறது. வரிச் சட்டப்படி நாட்டில் வதிவோராகக் கருதப்படாத ஜே-1 மாணவர் இதனைச் செலுத்த வேண்டியதில்லை. 525 டொலரில் இது ஏறக்குறைய 40 டொலர். பதினான்கு வாரத்துக்கு 560 டொலருக்கும் மேல். சம்பளம் எழுதும் குமாஸ்தா பழக்கத்தினாலே இதனைக் கழித்துவிடுதல் உண்டு. முதற் சம்பளச் சிட்டையிலேயே இதைப் பார்த்துக் கேட்டால் ஒரு நிமிடத்தில் திருத்தலாம். ஊருக்குத் திரும்பிய பின் கண்டுபிடித்தால், முதலில் முதலாளிக்கும், பின்பு வருமானவரித் திணைக்களத்துக்கும் விண்ணப்பித்து நெடுங்காலம் காத்திருக்க வேண்டும்.

மத்திய வருமான வரியும் மாநில வருமான வரியும் இவர்களுக்கும் உண்டு. அடுத்த ஆண்டு ஏப்பிரல் 15 ஆந் திகதிக்குள் வரிக்கணக்குச் சமர்ப்பித்தல் வேண்டும். மிகையாகக் கழிக்கப்பட்டது திரும்பக் கிடைக்கும். அதற்கு ‘டபிள்யூ-2’ என்னும் சம்பளப் பத்திரம் தேவை. முதலாளி அதனைச் சனவரி 31 ஆந் திகதிக்குள் அனுப்புதல் வேண்டும். அப்பொழுது மாணவர் தம் நாட்டில் இருப்பார். ஆகவே புறப்படுமுன் நிரந்தர முகவரியை முதலாளியிடம் எழுத்திற் கொடுத்துவிட்டுச் செல்லுதல் அவசியம். இக்கணக்குகளுக்கெல்லாம் சமூகப் பாதுகாப்பு இலக்கம் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை; இலக்கம் வருமுன்னரே வேலை தொடங்கலாம். பணம் வாங்கிக்கொண்டு இலக்கம் பெற்றுத் தருவதாகக் கூறும் தரகரை நம்பவேண்டாம்.

இவற்றோடு ஒரு சிறு பழக்கத்தையும் நான் ஒவ்வொருவர்க்கும் சொல்வதுண்டு. ஒரு சதக் கொப்பி வாங்கி, நாள்தோறும் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடையில் ஓய்வு, கிடைத்த சந்தோஷப் பணம் ஆகியவற்றைத் தம் கையாலே எழுதி வருதல் வேண்டும். நினைவைக் கொண்டு வழக்காடுபவனுக்கு, “நீ மறந்துவிட்டாய்” என்ற ஒரு சொல்லே போதும். நாள்தோறும் எழுதிய கொப்பியை அவ்வளவு எளிதில் மறுக்க இயலாது.

வீதியும் கடலும்

பணத்தை இழந்தால் மீளவும் உழைக்கலாம். உயிரை இழத்தற்குரிய இடங்கள் அவ்வூரில் இரண்டு: ஒன்று வீதி, மற்றது கடல். தீவின் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் கோஸ்டல் ஹைவே, எட்டு நிரை வாகனங்கள் ஓடத்தக்க அகலமான வீதி. மாணவர் பெரும்பாலோர் நள்ளிரவில் வேலை முடிந்து துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்புகின்றனர். உல்லாசப் பயணிகளோ அந்நேரத்தில் மதுச்சாலைகளிலிருந்து காரில் திரும்புகின்றனர். வண்டிக்கு முன்னே வெள்ளை விளக்கும், பின்னே செந்நிற ஒளிகாட்டியும் இன்றி இரவில் ஓடுதல் சட்டவிரோதம். அதனினும் மேலாகப் பேராபத்து. வாகனங்கள் செல்லும் திசையிலேயே செல்லவேண்டும். சமிக்ஞை விளக்குள்ள இடத்திலேயே வீதியைக் கடத்தல் வேண்டும்.

நம் நாட்டவரும் ஜமெய்க்கா நாட்டவரும் இவ்விடயத்தில் இருமடங்கு கவனமாயிருத்தல் வேண்டும். நாம் வீதியின் இடப்பக்கத்தில் வாகனம் ஓட்டும் நாட்டினர். வீதியைக் கடக்கக் கால் எடுத்து வைக்குமுன் நம் கண் தானாகவே முதலில் வலப்பக்கம் பார்க்கும். அமெரிக்காவில் முதல் வாகனம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. குழந்தைப் பருவத்திலே படிந்த பழக்கம் ஒரு மாதத்தில் மாறாது. களைப்புற்ற இரவில் அது மீண்டும் தலைகாட்டும்.

கடலைப் பற்றியும் ஒரு சொல். அக்கரையிலே உயிர்காப்போர் காலை 10 மணி முதல் மாலை 5.30 மணி வரை காவல் இருக்கின்றனர். மாணவர்க்கு வேலை ஓயும் நேரமோ அதற்குப் பின்பு. ஆகவே காவல் நீங்கிய கடலிலேயே அவர்கள் குளிக்கச் செல்கின்றனர். கரைக்கு வந்த நீர் ஓரிடத்தில் திரண்டு ஆழ்கடலை நோக்கி விரைந்து திரும்பும் இழுவை நீரோட்டம் அங்கு அடிக்கடி உண்டாகும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேரே நீந்த முயன்றால் களைத்து மூழ்குவர். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அவ்வோட்டத்தை விட்டு விலகிய பின்பே கரையை நோக்கி நீந்த வேண்டும். உள்நாட்டு நகரங்களிலிருந்து வந்து, சமுத்திரத்தை முதன்முதலிற் காணும் மாணவர் பலர். காவலில்லாத வேளையில் நீரில் இறங்காதிருத்தலே அவர்களுக்கு உத்தமம்.

பேசியவர்களால் வந்த மாற்றம்

இன்றுள்ள விதிகள் சில, மாணவரின் வாயிலிருந்தே பிறந்தவை. 2011 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பென்சில்வேனியா மாநிலத்திலே, சாக்லெட் பொதியிடும் களஞ்சியம் ஒன்றில் வேலைக்கு விடப்பட்டிருந்த பல நூறு ஜே-1 மாணவர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்து ஊர்வலம் சென்றனர். கலாசாரப் பரிவர்த்தனைக்கென்று ஆயிரக்கணக்கான டொலர் செலவிட்டு வந்த தாங்கள், இரவிலே பாரமான பெட்டிகளைத் தூக்குவதையும், வாடகை போக மிகச் சொற்பமே கையில் எஞ்சுவதையும் எடுத்துரைத்தனர். அச்செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 2012 மே மாதத்தில், இராஜாங்கத் திணைக்களம் புதிய விதிகளை வெளியிட்டது. களஞ்சிய வேலை, தொழிற்சாலை வேலை முதலியவை விலக்கப்பட்டன. பெரும்பகுதி இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே அமையும் வேலைகளும் விலக்கப்பட்டன. தனியார் இல்லங்களில் வீட்டுவேலை, வாகனம் ஓட்டுதல் முதலியனவும் ஆகா. இரண்டாவது வேலை தேடுவோர் இப்பட்டியலை அறிந்திருத்தல் அவசியம். அவ்வேலையையும் அனுசரணை நிறுவனம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொடங்கலாம்.

2020 யூன் மாதத்தில், தொற்றுநோயைத் தொடர்ந்து, இவ்வகை விசாவில் வருவோரின் வருகையை அமெரிக்க ஜனாதிபதி பிரகடனம் ஒன்றினால் நிறுத்தினார். 2021 மார்ச் வரை அத்தடை நீடித்தது. மாணவர் வராத அக்கோடையிற் கடற்கரை நகரங்களின் கடைக்காரர்கள் ஆளின்றித் தவித்தனர். மாணவருக்கு வேலை எவ்வளவு தேவையோ, அவ்வளவு அந்நகரங்களுக்கும் மாணவர் தேவை. இதனை உணர்ந்த மாணவன் பணிவோடு பேசலாம். ஆனால் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்

அம்மண்டபத்து மேசையில் நான் சந்தித்த மாணவர் பலர் ஆங்கிலத்தில் நன்றாகக் கட்டுரை எழுத வல்லவர்கள். சிலர் ஆங்கில இலக்கியமே பயில்பவர்கள். ஆயினும், “இந்தத் தொகையை ஏன் கழித்தீர்கள்?” என்று மேற்பார்வையாளரிடம் கேட்க அவர்களுக்கு வாய் எழவில்லை. சொற்கள் தெரியாமையன்று காரணம். மூத்தோரை, மேலிடத்தாரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று ஊரிற் பழகிய உள்ளம் தடுத்தது. நம் பிள்ளைகளும் இவ்வகையில் அவர்களை ஒத்தவர்களே. கேட்பதற்கும் எதிர்ப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதை நாம் வகுப்பறையிலே கற்பித்தல் வேண்டும்.

பிறமொழி கற்பிக்கும் ஆசிரியர்கள் ஆண்டில் ஒரு நாளேனும் பாடப்புத்தகத்தை மூடிவைத்து, ஒரு வேலை ஒப்பந்தத்தையும், ஒரு வாடகைப் பத்திரத்தையும், ஒரு சம்பளச் சிட்டையையும் மாணவர் முன் வைத்து வாசிப்பிக்கலாம். “எது வாக்குறுதி, எது மதிப்பீடு? யார் பொறுப்பு? எத்திகதி?” என்று கேட்கலாம். குறையொன்றை இலக்கங்களோடும் மரியாதையோடும் ஒரு பக்கத்தில் எழுதப் பயிற்றலாம். அத்தகைய ஒரு பக்கமே ஜமெய்க்கா மாணவிக்கு வழி திறந்தது.

கோடை முடிந்து செப்டெம்பர் பிறந்ததும் மாணவர்கள் பயணப்பொதிகளோடு பஸ் நிலையத்திலே கூடுகின்றனர். ஒருவர் தம் படிப்புக் கட்டணத்துக்குப் போதிய பணத்தோடும், ஒருவர் நியூயோர்க் நகரைப் பார்த்துவிட்டுச் செல்ல வேண்டுமென்ற ஆவலோடும், ஒருவர் வேற்றுநாட்டு நண்பரின் முகவரியோடும் செல்கின்றனர். வெறுங்கையோடும் கசந்த மனத்தோடும் செல்வோரும் அவர்களிடையே இருப்பர். இவ்விருவகையினரையும் வேறுபடுத்தியது பெரும்பாலும் அவர்களுடைய திறமையோ உழைப்போ அன்று. தம் கயிறு யார் கையில் என்பதை மே மாதத்திலேயே அறிந்தவர் யார், செப்டெம்பரில் அறிந்தவர் யார் என்பதே. வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் அதனைப் புறப்படுமுன்னரே அறிந்து செல்வார்களாக.